ஏறாத வண்டிக்கு எண்ணெய் எதற்கு?

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு, நம் விடுதிக்கு எதிரேயுள்ள ஆலமரத்தடியில், ஒன்பது பத்து சைக்கிள்கள் வரிசையாக நிற்பதை வாசகர்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அவற்றைச் சுற்றி, குனிந்தும் நிமிர்ந்தும், துணியால் துடைத்தும், கைப்பேசியில் படம் பிடித்தும் சிலர் நடமாடுவதையும் பார்த்திருப்பீர்கள். "இந்தப் பிள்ளைகளுக்கு வேறு வேலை இல்லையா?" என்று எண்ணிக்கொண்டே தேநீர்க் கடைக்கு நடந்திருப்பீர்கள். அந்தப் பிள்ளைகளில் நானும் ஒருவன்.

பழைய சைக்கிள்களின்மேல் பித்துக் கொண்டவர்கள் நாங்கள். எங்களில் தமிழர் மூவர். மற்றவர்களில் மராத்தியர் உண்டு, வங்காளியர் உண்டு, மலையாளி ஒருவரும் உண்டு. மொழி வேறு, துறை வேறு. ஆயினும் ஒருவன் பழைய மணியொன்றைக் கண்டெடுத்துக் கொண்டுவந்தால், பத்துப் பேரும் அதை ஒருமுறை அடித்துப் பார்க்காமல் விடமாட்டோம்.

இந்தக் கூட்டத்தைக் குறைகூறுவது என் நோக்கமன்று. வீட்டை விட்டு ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வந்து படிக்கும் எனக்கு, முதல் நண்பர்களைத் தந்தது இக்கூட்டந்தான். ஆனால் ஒன்றரை ஆண்டுக்காலம் அதில் இருந்தபின், எங்களுடைய சைக்கிள் பற்றில் ஒரு பாதி இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அதைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன். குற்றவாளிக் கூண்டில் முதலில் ஏறுகிறவனும் நான்தான்.

என் வண்டியின் கதையிலிருந்து தொடங்குகிறேன்.

புனே நகருக்கு ஒரு காலத்தில் சைக்கிள் நகரம் என்றே பெயர். ஆலைத் தொழிலாளி, ஆசிரியர், பால்காரர், கல்லூரி மாணவர் எல்லாரும் சைக்கிளில் போன ஊர் இது. பிறகு ஸ்கூட்டர் வந்தது. மோட்டார் சைக்கிள் வந்தது. சைக்கிள்கள் பரணுக்கும் கொல்லைப்புறத்துக்கும் போயின. அங்கிருந்து பழைய இரும்புக்காரர் கைக்குப் போயின. ஞாயிறும் புதனும் கூடுகிற ஜூனா பாஜாரில், உடைந்த மின்விசிறிகளுக்கும் கைப்பிடியில்லாத தையல் இயந்திரங்களுக்கும் நடுவே, ஒருநாள் எனக்கு ஒரு ராலே வண்டி அகப்பட்டது. டயர் இல்லை, சீட்டின் தோல் கருவாடாகக் காய்ந்திருந்தது, செயின் ஒரே துருக்கட்டி. 2,200 ரூபாய் கொடுத்து வாங்கினேன். அந்த மாதம் இரவுச் சாப்பாடு பெரும்பாலும் வடாபாவ்தான்.

வாங்கி வந்து, பின்சக்கரத்தின் ஹப்பில் மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தபோது, ஸ்டர்மி-ஆர்ச்சர் என்ற பெயரும், ஏ.டபிள்யூ. என்ற எழுத்துகளும், அவற்றின் கீழே 56 என்ற எண்ணும் தெரிந்தன. அந்த வகை ஹப்புகளில் செய்த ஆண்டைப் பொறிப்பது வழக்கம். 1956! என் தந்தையே பிறக்காத காலத்து இரும்பு. அதற்குள்ளே மூன்று வேகங்கள் உண்டு. நடு வேகத்தில் செயினின் சுழற்சி அப்படியே சக்கரத்துக்குப் போகும். மேட்டில் ஏற அது 3/4 ஆகக் குறையும். சமதரையில் விரைய 4/3 ஆகக் கூடும். சூரியனைச் சுற்றும் கிரகங்களைப்போல் நடுப்பல்லைச் சுற்றிச் சிறு பற்சக்கரங்கள் ஓடுவதால் இது நடக்கிறது. பாடப்புத்தகத்தில் நான் படம் போட்டு மதிப்பெண் வாங்கிய அதே பொறி, என் உள்ளங்கையில் அழுக்கெண்ணெயோடு இருந்தது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வண்டியைச் செப்பனிட்டவர் கட்கிக் கடைத்தெருவில் இருக்கும் பெரியவர் ஒருவர். அவருடைய தகப்பனார் வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவராம். மராத்தியும் இந்தியும் தமிழும் கலந்து பேசுவார். காட்டர் பின்னை அடித்து எடுப்பதிலிருந்து, ரிம்மின் கோட்டம் எடுப்பது வரையில் எல்லாம் என் கண்முன்னேயே செய்தார். உப்புத்தாளால் ட்யூபைத் தேய்க்கும் பக்குவத்தையும் வால்ட்யூப் மாற்றும் பக்குவத்தையும் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். மூன்றாம் வாரம் வண்டியை ஒப்படைத்தபோது சொன்னார்:

"தம்பி, இது வண்டி இல்ல, கெழவன். கெழவனுக்கு வேலை குடுத்துக்கினே இருக்கணும். உக்கார வச்சீன்னா உக்காந்துடுவான்."

நான் சிரித்தேன். அவர் சொன்னது வேடிக்கைக்காக என்று எண்ணினேன்.

நிற்க. 1956-இல் செய்த வண்டிக்கு இன்று உதிரிப் பாகங்கள் எப்படிக் கிடைக்கின்றன என்று யாரேனும் சிந்தித்ததுண்டா? எங்கள் கூட்டத்தில் நெடுங்காலம் ஒருவரும் சிந்திக்கவில்லை. 28 அங்குல டயரும், பிரேக் கட்டையும், காட்டர் பின்னும் கட்கிக் கடையில் இன்றும் தொங்குகின்றன. எங்கள் பத்துப் பேருக்காகவா அவற்றைச் செய்கிறார்கள்? இல்லை. பால்காரரும், செய்தித்தாள் போடுகிறவரும், காவற்காரரும், கட்டட வேலைக்குப் போகிறவரும் இன்றும் அதே அமைப்பிலுள்ள வண்டியைத்தான் ஓட்டுகிறார்கள். அவர்கள் ஓட்டுவதால் டயர் விற்கிறது. டயர் விற்பதால் ஆலைகள் அதைச் செய்கின்றன. ஆலைகள் செய்வதால் நம் பழம்பொருள் உருள்கிறது. அவர்கள் நாளைக்கே ஓட்டுவதை நிறுத்திவிட்டால், நம் வண்டிகள் அலங்காரத் தோரணமாகவே தொங்க வேண்டியதுதான். பழைய சைக்கிளைக் காப்பாற்றுகிறவர்கள் நாமல்லர். சைக்கிளை விட வழியில்லாதவர்கள்.

இந்த வண்டியின் வரலாறே அப்படிப்பட்டது. இன்று நாம் காணும் உருவத்தை அதற்கு 1885-இல் இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்து ஸ்டார்லி கொடுத்தார். 1888-இல் டன்லப் காற்றடைத்த டயரைத் தந்தார். நம் நாட்டில் 1949-இல் சென்னையில் டி.ஐ. சைக்கிள் கம்பெனி தோன்றி, அம்பத்தூரில் ஹெர்குலிஸ் வண்டிகளைச் செய்தது. 1951-இல் அட்லஸ், 1956-இல் ஹீரோ. பெயர்ப்பலகைகள் மாறின, வண்டி மாறவில்லை. ஆங்கிலேயக் கனவானுக்காகப் பிறந்த அதே உருவம், நெல் மூட்டையும் பால் கேனும் குடும்பம் முழுவதும் ஏறிப்போக உதவியது. 2020-ஆம் ஆண்டு ஜூன் 3-ஆம் நாள், உலக சைக்கிள் தினத்தன்றே, அட்லஸ் கம்பெனியின் ஸாஹிபாபாத் ஆலை உற்பத்தியை நிறுத்தியதாகச் செய்தி வந்தபோது நான் பள்ளி மாணவன். அன்று அதைப் படித்துவிட்டு மறந்துபோனேன். இன்று நினைத்தால் நெஞ்சில் குத்துகிறது. பெயர்ப்பலகையைச் சேகரிப்பதற்கு ஆள் இருக்கிறது. வண்டியை ஓட்டுவதற்கு ஆள் குறைகிறது.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன்.

சென்ற ஆண்டு ஆவணி மாதம். புதிதாகச் சேர்ந்த தமிழ் மாணவி ஒருத்தி ஆலமரத்தடிக்கு வந்தாள். கீரனூர்ப் பக்கத்துப் பெண், தாவரவியல் படிக்கிறாள். வண்டிகளையெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு, என் வண்டியின் அருகில் வந்து நின்றாள்.

"அண்ணா, என் அறையில் இருக்கிற பொண்ணுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. கத்துக்கணும்னு ரொம்ப ஆசை. லேபுக்கு நடந்தே போய் வர்றா. ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் இந்த வண்டியைக் குடுத்தா, நான் பிடிச்சுக்கிட்டுச் சொல்லிக் குடுப்பேன்."

நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "இது பழைய வண்டிம்மா. கீழே போட்டா பாகம் கிடைக்காது" என்றேன். பாகம் கிடைக்கும் என்பது எனக்குத் தெரியும். கட்கிப் பெரியவரின் கடையில் அவை கட்டுக்கட்டாகத் தொங்குவதை என் கண்ணால் பார்த்தவன் நான். ஆயினும் அப்படிச் சொன்னேன்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "சரிங்கண்ணா" என்று சொல்லிவிட்டு, இரண்டடி போய்த் திரும்பினாள். "எங்கம்மா கத்துக்கிட்டது வாடகை சைக்கிள்லண்ணா. ஆம்பளை சைக்கிள்தான். எத்தனை தடவை கீழ போட்டாங்களோ தெரியாது. கடைக்காரர் ஒண்ணும் சொல்லலையாம்" என்றாள். போய்விட்டாள்.

அந்தக் கடைக்காரர் யாரென்று எனக்குத் தெரியாது. அவர் வைத்திருந்தது பழம்பொருளா, பளபளப்பானதா என்பதும் தெரியாது. ஆனால் அன்று முழுவதும் அவர் என்னை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருப்பதைப்போலவே இருந்தது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தைப் பற்றிப் பிறகுதான் தேடிப் படித்தேன். நம் தமிழ்நாட்டில் நடந்த கதை. நமக்கே தெரியாமற் போவது வெட்கந்தான். ஷீலா ராணி சுங்கத் அப்போது அம்மாவட்டத்தின் கலெக்டர். எழுத்தறிவு இயக்கத்தோடு சைக்கிள் ஓட்டக் கற்பிப்பதையும் அவர்கள் சேர்த்துக்கொண்டார்கள். ஏனென்றால், எழுதப் படிக்கத் தெரிந்த பெண், அடுத்த ஊருக்குப் போக அண்ணனையும் கணவனையும் பஸ்ஸையும் எதிர்பார்த்து நின்றால், பாதி விடுதலைதானே கிடைக்கும்? வயல் வேலை செய்கிறவர்கள், கல்லுடைக்கிறவர்கள், பாலவாடி ஆசிரியைகள், கிராமச் செவிலியர் எல்லாரும் கற்றார்கள். ஊரார் கேலி பேசினார்கள். அவர்கள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள். 1992-இல் மகளிர் தினத்தையொட்டி, 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலமாகப் புதுக்கோட்டைக்குள் நுழைந்தார்கள்.

அதில் என் மனத்தைக் கவர்ந்த சிறு செய்தி ஒன்று உண்டு. பெண்களுக்கான வண்டி போதுமான அளவு கிடைக்காதபோது, அவர்கள் ஆண்களுக்கான வண்டியிலேயே ஏறினார்கள். பிறகு சிலர் அதையே விரும்பினார்கள். நடுவிலுள்ள பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம் அல்லவா? நாங்கள் ஆலமரத்தடியில் அந்தப் பார் அசலா, பின்னால் பற்றவைத்ததா என்று அரைமணி நேரம் வாதாடுகிறோம். அவர்களுக்கோ அது குழந்தைக்கு இருக்கை.

சைக்கிள் ஓட்டும் வித்தையை ஏன் ஒருவர் பக்கத்தில் ஓடிக் கற்றுக்கொடுக்க வேண்டும்? புத்தகத்தில் படித்துக்கொள்ளக் கூடாதா? விஞ்ஞான மாணவன் என்ற முறையில் இதற்கு நான் விடை சொல்லக் கடமைப்பட்டவன். விடை இதுதான்: முடியாது. ஏனென்றால், ஓட்டுகிறவனுக்கே தான் என்ன செய்கிறோம் என்பது தெரியாது.

இடப்பக்கம் திரும்ப என்ன செய்கிறீர்கள் என்று யாரையேனும் கேளுங்கள். "ஹாண்டில்பாரை இடப்பக்கம் திருப்புவேன்" என்பார். தவறு. முதலில் மிகச் சிறிதளவு வலப்பக்கம் திருப்புகிறார். சக்கரங்கள் வலப்பக்கம் நகர, உடம்பு இடப்பக்கம் சாய்கிறது. அந்தச் சாய்வைப் பிடித்துக்கொண்டுதான் இடப்பக்கம் திரும்புகிறார். இத்தனையும் கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்துவிடுகிறது. விமானம் கண்ட ரைட் சகோதரர்கள் அதற்கு முன்பு சைக்கிள் வியாபாரம் செய்தவர்கள். அவர்களில் மூத்தவரான வில்பர், பல பேரைக் கேட்டுப் பார்த்து, ஒருவருக்கும் இந்த உண்மை தெரியாததைக் கவனித்திருக்கிறார்.

இன்னும் கேளுங்கள். ஓடும் சைக்கிள் விழாமலிருப்பது ஏன்? சுழலும் சக்கரம் பம்பரத்தைப்போல் நிலைத்து நிற்பதால் என்று பள்ளியில் நமக்குச் சொன்னார்கள். 1970-இல் டேவிட் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, எதிர்ப்பக்கம் சுழலும் இன்னொரு சக்கரத்தைப் பூட்டி அந்தப் பம்பர விளைவைப் போக்கிவிட்டு ஓட்டிப் பார்த்தார். வண்டி நன்றாகவே போயிற்று! முன்சக்கரம் தரையைத் தொடும் இடம் திருப்பு அச்சுக்குச் சற்றுப் பின்னால் இருப்பதே காரணம் என்றார்கள். 2011-இல் டச்சு, அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் அந்த இரண்டையுமே நீக்கி ஒரு வண்டி செய்தார்கள். தள்ளிவிட்டால் அதுவும் ஆளில்லாமலே விழாமல் ஓடியது. நிறை எங்கே எப்படி அமைந்திருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டுமாம். எளிதான ஒற்றை விடை கிடையாது. சமன்பாடுகளை எழுதியவன் அதனால் ஓட்டக் கற்றுவிடமாட்டான். குரங்குப் பெடல் போட்டு ஓட்டும் எட்டு வயதுப் பையனுக்குச் சமன்பாடு வேண்டியதில்லை.

குரங்குப் பெடல் என்றதும் நினைவு வருகிறது. பாருக்குக் கீழே காலை நுழைத்து, உடம்பை ஒருபக்கம் தொங்கவிட்டு, பெரியவர் வண்டியைச் சிறுவர் ஓட்டும் அந்த முறையை நாம் இப்படிச் சொல்கிறோம். வடக்கே அதற்குக் கைஞ்சி, அதாவது கத்தரிக்கோல், என்று பெயர். யார் இதைக் கண்டுபிடித்தது? யாருமில்லை, எல்லாருந்தான். அண்ணன் தம்பிக்குக் காட்டினான். தம்பி தெருப் பையன்களுக்குக் காட்டினான். அப்பாவின் வண்டியைக் கேளாமல் எடுத்து, முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு நாடு முழுவதும் பரப்பிய கலை அது. ஓட்டும் கலை இரும்பில் தங்குவதில்லை, உடம்பில் தங்குகிறது. ஓர் உடம்பிலிருந்து இன்னோர் உடம்புக்குப் போக அது ஒரு வழியைத்தான் அறியும். கீழே போடுவதற்கு ஒரு வண்டி வேண்டும். பின்னால் பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டும். அந்தக் கை தக்க சமயத்தில் விட்டுவிடவும் வேண்டும்.

இந்த உண்மையை நான் சாலையில் விழுந்துதான் உணர்ந்தேன்.

மழைக்காலத்தில் ஒரு மாலை. பாஷாண் பக்கத்திலிருந்து இறக்கத்தில் வந்துகொண்டிருந்தேன். எதிரே நாயொன்று வந்தது. பிரேக்கை அழுத்தினேன். என் வண்டியில் கம்பிப் பிரேக். கட்டைகள் ரிம்மின் உட்புறத்தைத் தொட்டு நிறுத்தும். ரிம்மோ முலாம் பூசிய இரும்பு. நனைந்த இரும்பில் உராய்வு வெகுவாகக் குறைந்துவிடும் என்று தேர்வில் கேட்டால் எழுதியிருப்பேன். அன்று வண்டி நிற்கவில்லை. நாய் தப்பியது, நான் சாக்கடை ஓரத்தில் கிடந்தேன்.

நொண்டிக்கொண்டு வந்தபோது, நம் விடுதிச் சமையற்கூடத்தில் பாத்திரம் தேய்க்கும் காகா பார்த்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, மராத்தியில் சிரித்துக்கொண்டே சொன்னார்: மழையில் இறக்கம் வருவதற்கு முன்பே பிரேக்கை மெதுவாகப் பிடித்துக்கொண்டே வர வேண்டுமாம். கட்டை ரிம்மிலுள்ள தண்ணீரை வழித்துவிடும். பிறகு அழுத்தினால் பிடிக்கும். முன் பிரேக்கையே நம்பிச் சட்டென்று அழுத்தக்கூடாது. பின்னதைத் தொட்ட பிறகு முன்னதைச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். திருப்பத்தில் பிரேக்கைத் தொடவே கூடாது. வேகத்தைத் திருப்பத்துக்கு முன்பே குறைத்துவிட வேண்டும். மேட்டில் எழுந்து நின்று மிதிப்பவன் பாதி வழியில் இறங்குவான். உட்கார்ந்து ஒரே சீராக மிதிப்பவன் உச்சிக்குப் போவான்.

ஒன்றரை ஆண்டாக ஆலமரத்தடியில் நான் கேட்ட பேச்சையெல்லாம் சேர்த்தாலும் இத்தனை பயன் தேறாது. காகா நாள்தோறும் பதினான்கு கிலோமீட்டர் ஓட்டுகிறவர். இருபது ஆண்டுகளாக ஓட்டுகிறவர். அவருடைய வண்டியும் கம்பிப் பிரேக்குள்ள 28 அங்குல வண்டிதான். என் ராலேயின் தம்பி என்றே சொல்லலாம். அது ஒவ்வொரு நாளும் எங்கள் ஆலமரத்தைக் கடந்து போயிருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது அவரை நிறுத்தி, "வாருங்கள்" என்று நாங்கள் அழைத்ததில்லை. ஏன்? அவருடைய வண்டி போதுமான அளவுக்குப் பழையதன்று! கலைஞன் வாயிலில் போகிறான். நாம் உள்ளே அமர்ந்து வாத்தியத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறோம்.

என் கருத்துக்கு எங்கள் கூட்டத்திலேயே மறுப்பு உண்டு. அவற்றை மறைப்பது நேர்மையாகாது.

"பழம்பொருளைப் பாதுகாக்க வேண்டாமா?" என்கிறார் ஒருவர். வேண்டும். இதே நகரில் கர்வே நகரில், தனியார் ஒருவர் அரும்பாடுபட்டு அமைத்த சைக்கிள் காட்சிசாலை இருக்கிறது. இரண்டாம் உலக யுத்தத்தில் பாரசூட் வீரர்களுக்காக பி.எஸ்.ஏ. கம்பெனி செய்த மடக்கு சைக்கிளை அங்கே காணலாம். அதை எடுத்துப் பழகு என்று நான் சொல்லமாட்டேன். அத்தகைய அபூர்வப் பொருளுக்குக் காட்சிசாலையே வீடு. ஆனால் நம் கையிலுள்ளவை ஆயிரக்கணக்கில் செய்து விற்ற நாட்டு வண்டிகள். அவற்றையும் அபூர்வப் பொருளாக எண்ணிக்கொள்வது, பெரும்பாலும் நம்மையே அபூர்வப் பிறவிகளாக எண்ணிக்கொள்ளும் ஆசைதான்.

"பொதுவில் விட்டால் எல்லாம் பாழாகும்" என்கிறார் இன்னொருவர். இது வலுவான மறுப்பு. 2017-ஆம் ஆண்டு டிசம்பரில், இந்நகரில் கைப்பேசியால் பூட்டைத் திறந்து எடுத்துப் போகும் வாடகை சைக்கிள்கள் வந்தன. சில ஆண்டுகளில் அவை கண்ணில் படாமல் மறைந்தும் போயின. யாருக்கும் சொந்தமில்லாத வண்டிக்கு யாரும் எண்ணெய் போடுவதில்லை, உண்மை. ஆனால் நான் கேட்பது யாருக்கும் சொந்தமில்லாத வண்டி அன்று. ஊரில் வாடகை சைக்கிள் கடைக்காரர் எப்படி நடத்தினார்? ஒவ்வொரு வண்டியும் அவருக்கு முகம் தெரிந்த வண்டி. ஒவ்வொரு பையனும் அவருக்கு முகம் தெரிந்த பையன். நோட்டுப் புத்தகத்தில் பெயரும் நேரமும் எழுதினார். திரும்பி வந்ததும் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தார். அவ்வளவுதான் இரகசியம். பொறுப்பாளன் ஒருவன், அறிமுகம், ஒரு நோட்டுப் புத்தகம்.

ஆகவே நான் சொல்லும் யோசனை இதுதான். நம் விடுதியின் பின்புறம், தண்ணீர்த் தொட்டிக்கு அருகே, படிப்பு முடித்துப் போனவர்கள் விட்டுச்சென்ற சைக்கிள்கள் கிடக்கின்றன. போன மாதம் எண்ணினேன், பதினொன்று இருந்தன. ஒன்றின் கேரியரில் கொடி படர்ந்து பூத்தும் இருந்தது. அவற்றில் நான்கைந்தைப் பிரித்து மற்றவற்றுக்கு உதிரியாக்கினால், ஆறு வண்டிகள் தேறும் என்று கட்கிப் பெரியவர் கணக்குச் சொல்கிறார். டயர், ட்யூப், பிரேக் கட்டை எல்லாம் சேர்த்து வண்டிக்கு ஏறக்குறைய 700 ரூபாய். நம் சங்கம் பொங்கல் விழாவுக்கு வாங்கும் மாலைகளில் சிலவற்றைக் குறைத்தால் இரண்டு வண்டி ஓடும். விடுதிக் காப்பாளரிடம் அனுமதி கேட்டு எழுதினோம். உரியவர்களுக்கு அறிவிப்பு ஒட்டி ஒரு மாதம் பொறுத்தபின் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒப்புதல் கிடைத்திருக்கிறது. அந்த மாதமும் முடிந்துவிட்டது.

ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு மாணவர் பொறுப்பேற்க வேண்டும். அவர் பெயரை வண்டியிலேயே எழுதிவைப்போம். புதிதாக வருகிறவர்கள், தமிழராயினும் அல்லராயினும், கேட்டு எடுத்துச் செல்லலாம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் முதல் ஒரு மணி நேரம் கற்றுக்கொடுப்பதற்கு. பெயர்ப்பலகை ஆராய்ச்சியை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம். அதை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எனக்கும் அது இல்லாமல் ஞாயிறு விடியாது.

காகாவையும் அழைத்திருக்கிறோம். பாத்திர வேலை முடிந்து ஏழு மணிக்கு மேல்தான் வர முடியும் என்றார். அப்படியானால் கூட்டத்தை ஏழரைக்கு மாற்றிக்கொள்வது நம் கடமை. ஆறரைக்கு எழுந்து பழகிய நண்பர்கள் அருள்கூர்ந்து மன்னிக்க வேண்டும்.

இனி என் ராலேயைப் பற்றி ஒரு வார்த்தை. கீரனூர்ப் பெண்ணைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்பதற்கு எனக்கு மூன்று வாரம் பிடித்தது. துணிவில்லாததுதான் காரணம். "அதுக்கென்னண்ணா" என்று சொல்லிவிட்டு, மறு ஞாயிறே தோழியை அழைத்துக்கொண்டு வந்துவிட்டாள். தோழி மேகாலயத்துப் பெண். மலைமேட்டுக் கிராமத்தில் சைக்கிளுக்கு வேலையே இருந்ததில்லையாம். முதல் நாள் ஐந்து முறை விழுந்தாள். ஐந்து முறையும் வண்டியும் விழுந்தது. ஒவ்வொரு முறையும் என் வயிற்றில் ஏதோ புரண்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். முன் மட்கார்டில் ஒரு நெளிவு விழுந்துவிட்டது. எழுபது ஆண்டு நெளியாத மட்கார்டு.

நான்காவது ஞாயிறு, சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடிய கீரனூர்ப் பெண் கையை விட்டாள். விட்டதைச் சொல்லவில்லை. வண்டி ஆலமரத்தைத் தாண்டி, நூலகத்தைத் தாண்டிப் போயிற்று. அப்போதுதான் ஓட்டினவள் திரும்பிப் பார்த்தாள், பார்த்ததும் விழுந்தாள், விழுந்துவிட்டுச் சிரித்தாள். இப்போது அவள் லேபுக்கு நடப்பதில்லை. நெளிவைத் தட்டிச் சரிசெய்யலாமா என்று கட்கிப் பெரியவரைக் கேட்டேன். "ஓடுதில்ல? அப்புறம் இன்னாத்துக்கு?" என்றார்.

பதினொரு வண்டிகளில் மூன்று தயாராகிவிட்டன. மற்றவற்றைப் பிரிப்பதற்கும் தேய்ப்பதற்கும் ஆள் வேண்டும். நான்கு வண்டிகளுக்குப் பொறுப்பாளர் வேண்டும். ஸ்பானர் பிடிக்கத் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. வருகிற ஞாயிறு ஏழரை மணிக்கு ஆலமரத்தடிக்கு வாருங்கள். பழைய துணி இருந்தால் எடுத்து வாருங்கள். மண்ணெண்ணெய் நான் கொண்டுவருகிறேன்.